பழைய காரின் தண்ணீர்க் குழாய்

நம் சங்கத்து நண்பர்களுள் சிலர் கார் வைத்திருக்கின்றனர். அவற்றுள் புதுக் கார் ஒன்றுகூட இல்லை. படிப்பு முடித்து ஊர் திரும்பும் மூத்த மாணவர் விற்றுப் போவார். இளையவர் நால்வர் பங்கு போட்டு வாங்குவர். அவர்கள் காலம் முடிந்ததும் அடுத்த அணியினர் வாங்குவர். இப்படிக் கைமாறி வந்த வண்டிகளே அனைத்தும். ஆனாலும் இவை ஆற்றும் தொண்டு சிறிதன்று. ஊரிலிருந்து வரும் பெற்றோரை இரயிலடியிலிருந்து அழைத்து வருவதும், பொங்கல் விழாவுக்குக் கரும்பும் வெல்லமும் சுமந்து வருவதும், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட நண்பனை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் இவைதாம்.

இயந்திரப் பொறியியல் பயில்பவன் என்ற ஒரே காரணத்தால், இவ்வண்டிகளுக்கு நோய் வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னைத் தேடி வருகின்றனர். சென்ற ஓராண்டில் மூன்று வண்டிகளில் ஒரே நோயைக் கண்டேன். இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் செல்லும் இரும்புக் குழாய் துருப்பிடித்து அரிக்கப்பட்டிருந்தது. பழைய கார் வாங்குவோர் சாயத்தைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், பாட்டுப் பெட்டி பாடுகிறதா என்றும் பார்க்கிறார்கள். தண்ணீர் ஓடும் வழியை எவரும் பார்ப்பதில்லை. ஆகவே அதைப் பற்றி இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீரின் வேலை

பெட்ரோல் எரியும்போது இயந்திரத்தின் உருளைக்குள் எழும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அந்தச் சூட்டில் இரும்பும் உருகும். உருகாமல் இருப்பதற்குக் காரணம், உருளையைச் சுற்றித் தண்ணீர் ஓயாது ஓடிக்கொண்டிருப்பதே. நாம் ஊற்றும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர் வெப்பமாக வாங்கிச் சென்று, முன்புறத்து ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ஒரு சிறு காரில் சுற்றி வரும் தண்ணீர் மொத்தம் சுமார் 4 லிட்டர்தான். அதாவது ஒரு சிறு குடத்துத் தண்ணீர்கூட இல்லை.

இத்தண்ணீர் பம்பினால் தள்ளப்படுகிறது. 'தெர்மோஸ்டாட்' என்னும் கதவு 82 முதல் 88 டிகிரி அளவில் திறந்து, அதனை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டரின் மூடியும் வெறும் மூடியன்று. அதில் 0.9 என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். உள்ளே அந்த அளவு அழுத்தம் ஏறும் வரையில் மூடி திறக்காது என்பது அதன் பொருள். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், இந்த அழுத்தத்தில் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஆனால் ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்து போகிறது. அழுத்தம் நிற்காது, நீர் முன்னதாகவே கொதிக்கும், கொதித்த நீர் ஆவியாகும், ஆவி வெப்பத்தை வாங்க வல்லதன்று.

பிறகு நடப்பது விரைவாக நடக்கும். பல கார்களில் இயந்திரத்தின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அளவு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும். தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் எரிந்து போகும். தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் ஆகிவிடும். குழாயின் விலை நூற்றுக்கணக்கில். தலையைக் கழற்றிச் சமன் செய்யும் செலவு ஆயிரக்கணக்கில். மாணவர் விடுதியில் அந்த ஆயிரங்கள் யாருடைய உணவுக் கட்டணத்திலிருந்து வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

குழாய் எங்கே இருக்கிறது?

ரேடியேட்டருக்கும் இயந்திரத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் கறுப்புக் குழாய்கள் ரப்பரால் ஆனவை. அவை துருப்பிடிப்பதில்லை. ஆனால் பல சிறு கார்களில், இயந்திரத்தின் உடலை ஒட்டி, மற்றப் பாகங்களின் மறைவில், எஃகுக் குழாய் ஒன்று ஓடுகிறது. அது தண்ணீரைப் பம்புக்குக் கொண்டு சேர்ப்பது. அதன் நுனியில் ரப்பர் குழாயைச் செருகிக் கிளிப்பால் இறுக்கியிருப்பார்கள். நம் வளாகத்தில் மிகுதியாகக் காணும் மாருதி 800 வண்டியிலும் இத்தகைய எஃகுக் குழாய் உண்டு. அம்பாஸடர் வண்டியில் ரப்பர் குழாய்களே மிகுதி. அதில் துரு பெரிதும் தாக்குவது இயந்திர உடலின் பக்கவாட்டில் அடித்து வைத்த வட்டத் தகட்டு மூடிகளை.

மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். அதன் உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அம்பாஸடரும் அதே 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே நம் கையிலுள்ள இவ்வகை வண்டிகளில் மிக இளையதும் பத்தாண்டைக் கடந்தது. வண்டிகளின் வயதை அவை பெற்ற குழாய்களும் பெற்றிருக்கின்றன.

துருவின் வேலை

இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பிறக்காது. இது பள்ளிக்கூடத்துப் பாடம். இங்கே ஓர் ஐயம் எழலாம். காரின் தண்ணீர் மூடிய பாதையில் சுற்றுவது. அதிலுள்ள பிராணவாயு சில நாளில் தீர்ந்துவிட வேண்டுமே. பிறகு துரு எப்படி வளரும்?

ஐயம் நியாயமானதே. பாதை உண்மையிலேயே மூடியிருந்தால் துரு மிக மெதுவாகத்தான் வளரும். ஆனால் எங்கோ சிறு ஒழுக்கு இருக்கிறது என்று கொள்வோம். வாரம் அரை லிட்டர் குறைகிறது. குழாயடியிலிருந்து அரை லிட்டர் பிடித்து ஊற்றுகிறோம். அந்தப் புதுத் தண்ணீர் புதுப் பிராணவாயுவைக் கொண்டு வருகிறது. நம் வட்டாரத்து நிலத்தடி நீர் கடினநீர் ஆகையால், சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு போவதில்லை, வாரந்தோறும் சேர்கிறது. உப்பு கூடினால் துரு விரையும். துரு விரைந்தால் ஒழுக்கு பெருகும். ஒழுக்கு பெருகினால் மேலும் தண்ணீர் ஊற்றுவோம். ஒழுக்கு துருவை வளர்க்க, துரு ஒழுக்கை வளர்க்கிறது. செடிக்கு நீர் வார்ப்பது போல் நாம் துருவுக்கு நீர் வார்க்கிறோம்.

குழாய் முழுவதும் ஒரே சீராகத் துருப்பிடிப்பதில்லை. ரப்பர் குழாய் ஏறி மூடியிருக்கும் நுனியே முதலில் அரிக்கப்படும். அங்கே உலோகத்துக்கும் ரப்பருக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டு. அதனுள் புகுந்த நீர் அசையாமல் தேங்கி, தன் பிராணவாயுவை இழந்துவிடுகிறது. அருகிலேயே ஓடும் நீரில் பிராணவாயு மிகுதி. இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்குகிறது. அக்கலத்தில் பிராணவாயு குறைந்த பக்கத்து இரும்புதான் கரைகிறது. ஆகவே வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும். கிளிப்பைக் கழற்றினால்தான் உள்ளே இருக்கும் புண் தெரியும்.

அப்படியானால் இரும்பு நாள்பட்டால் துருப்பிடித்தே தீர வேண்டுமா? இல்லை என்பதற்குத் தில்லி மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத் தூணே சான்று. குப்தர் காலத்தது, சுமார் 7 மீட்டர் உயரம், ஏறக்குறைய 1600 ஆண்டு மழையும் வெயிலும் கண்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதனை ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதன் விளைவாகத் தூணின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று உண்டாகி, ஈரமும் பிராணவாயுவும் இரும்பை அணுகாமல் காக்கிறது என்பது அவர் கண்ட விளக்கம். காலம் இரும்பைத் தின்பதில்லை. காப்பில்லாத இரும்பைத்தான் தின்கிறது.

நம் ஊர்ப்பக்கத்திலும் இத்துறைக்கு ஒரு பெரிய நிலையம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிமானத்தையும் தன் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது. துருவைப் பற்றிய படிப்பு அற்பமானதன்று என்பதற்காக இதனைக் குறித்தேன்.

காரின் தண்ணீருக்கும் இத்தகைய காப்பு உண்டு. கடையில் 'கூலண்ட்' என்று கேட்டால் கிடைக்கும் நீர்மம் அது. எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளோடு துருத்தடுப்பு மருந்துகள் சிலவும் அதில் கலந்திருக்கும். கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. பனிக்காலத்தில் உறையாமலும் காக்கிறது. துருத்தடுப்பு மருந்தோ, தில்லித் தூணின் படலத்தைப் போல, குழாயின் உட்புறத்தில் மெல்லிய திரை விரிக்கிறது. ஆனால் அம்மருந்து செலவாகக் கூடியது. சாதாரண வகை இரண்டு அல்லது மூன்று ஆண்டில் வலுவிழக்கும்; நீண்ட நாள் வகை ஐந்தாண்டு வரை நிற்கும். பச்சையா, சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யக் கூடாது. நிறம் வெறும் சாயமே. புட்டியின் மேல் ஐ.எஸ். 5759 என்னும் இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

நண்பர்களின் வண்டி

இப்போது நான் கண்ட மூன்று வண்டிகளுள் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். நண்பர் நால்வர் பங்கில் வாங்கிய வண்டி. வயது இருபதுக்குச் சற்றுக் குறைவு. வாரம் அரை லிட்டர் தண்ணீர் கேட்டது. கீழே தரையில் சொட்டு இல்லை. ஆகவே, 'வண்டி தண்ணீரைக் குடிக்கிறது' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு ஊற்றி வந்தனர். சூடான இயந்திரத்தின் மேல் கசியும் நீர் தரைக்கு வருமுன்னரே ஆவியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

கடைத்தெரு மிஸ்திரியிடம் கொண்டு சென்றோம். முதியவர், நாங்கள் அனைவரும் அவரை 'உஸ்தாத்' என்றே அழைப்போம். அவர் விளக்கைப் பிடித்து, எஃகுக் குழாயின் நுனியில் வெண்மையும் செம்மையும் கலந்த கறை வழிந்திருப்பதைக் காட்டினார். கிளிப்பைத் தளர்த்தி ரப்பரை உருவியதும், துரு தகடு தகடாக உதிர்ந்தது. திருப்புளியின் முனையால் மெல்ல அழுத்தினார். முனை குழாய்க்குள் போய்விட்டது.

பங்காளி நண்பர்களுள் ஒருவருக்குத் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய வேளை. "உஸ்தாத், பசை போட்டு அடைத்துக் கொடுங்கள். இன்னும் இரண்டு மாதம் ஓடினால் போதும். அதற்குள் புதிதாக வந்த பையன்களுக்கு விற்றுவிடுவோம்" என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. முன்னே அவருக்கு விற்றவரும் அதைத்தான் செய்திருந்தார்.

உஸ்தாத் கையைத் துடைத்துக்கொண்டே, "இரண்டு மாதம் நீங்கள் ஓட்டுவீர்கள், தம்பி. மூன்றாம் மாதம் ஓட்டுகிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே?" என்று இந்தியில் கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. பிறகு நால்வரும் கணக்குப் போட்டு, தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டியவரின் பங்கை மற்ற மூவரும் அப்போதைக்கு ஏற்று, புதுக் குழாயே வாங்கினர்.

என்னென்ன வழிகள்?

அடைக்கும் வழிகள் பல உண்டு. அவற்றின் தரத்தை அறிந்துகொள்வது நல்லது.

மஞ்சள் தூளை ரேடியேட்டரில் கொட்டுவது நெடுஞ்சாலை ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். தூள் நீரில் ஊறி, ஒழுக்குத் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எது ஒழுக்குத் துளை, எது ரேடியேட்டரின் நுண்குழல் என்ற வேறுபாடு தெரியாது, இரண்டையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுக்கடைப்புத் தூள்களுக்கும் இந்தக் குறை உண்டு.

எபாக்ஸிப் பசை, துருவைச் சுரண்டி உலர்ந்த நல்ல உலோகத்தின் மேல் பூசினால் சில நாள் தாங்கும். வீடு வந்து சேரப் போதும். அதற்கு மேல் நம்பலாகாது. வெல்டிங் வைக்கலாமே என்பர் சிலர். உள்ளே அரித்து மெலிந்த குழாயில் நெருப்பை வைத்தால் துளை பெரிதாகும். ஓரிடத்தை மூடினால் அடுத்த இடம் திறக்கும்.

அரித்த பகுதி நடுவில் சிறிதாக இருந்து, இருபுறமும் உலோகம் உறுதியாக இருந்தால், அப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, வெந்நீர் தாங்கும் ரப்பர் குழாயால் இணைக்கலாம். ஒவ்வொரு நுனியிலும் சிறு விளிம்பு எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அழுத்தத்தில் ரப்பர் நழுவும். இதனையும் தற்காலிகம் என்றே கொள்க. சரியான மருத்துவம் புதுக் குழாய் பொருத்துவதுதான். புதிது கிடைக்காத வண்டிகளுக்கு அதே அளவில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைச் செய்து தரும் பட்டறைகள் உண்டு.

பொருத்தும் முறை

வேலையை மிஸ்திரி செய்தாலும், அருகில் நின்று கவனிக்க வேண்டியவை சில.

1. இயந்திரம் முற்றும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால், அழுத்தம் நீங்கிய நீர் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும்.

2. வடிக்கும் நீரை வாளியில் பிடிக்க வேண்டும். கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, கொடிய நஞ்சு. விடுதி நாயும் சாலை மாடும் அதை நக்கினால் இறந்துபோகும். தரையில் கொட்டுவது பாவம்.

3. குழாய் சேரும் முகத்தைத் துருவின்றித் தேய்த்து, புது ரப்பர் வளையமே போட வேண்டும். வழுக்கலுக்குச் சோப்பு நீர் தடவலாம், கிரீஸ் கூடாது. இக்குழாய்களின் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் போகும்.

4. பழைய ரப்பர் குழாயையும் கிளிப்பையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். புதுக் குழாயின் வெளிப்புறத்தில் துருத்தடுப்புச் சாயம் பூசுவது நன்று.

5. வெளிவரும் நீர் தெளியும் வரை பாதையைக் கழுவி, கடைசியாக வாலைநீரால் ஒருமுறை அலச வேண்டும். பாட்டரிக்கு ஊற்றுவதற்கென்று கடைகளில் விற்கும் நீரே அது. பழைய ரேடியேட்டரில் அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டா. துருவோடு ரேடியேட்டரும் போய்விடும்.

6. கூலண்டும் வாலைநீரும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும். முன்னரே கலந்து விற்பதாயின் நீர் சேர்க்கக் கூடாது.

7. மூடியைத் திறந்து வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும். நிரப்பி மூட வேண்டும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் வண்டி சூடேறாது என்று கூறும் மிஸ்திரிகள் உளர். அதைக் கேட்கலாகாது. குளிர்காலத்தில் இயந்திரம் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோலை வீணாக்கும், நோயும் தீராது.

வழியில் நேர்ந்தால்

சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கினால் உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்துக. அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்னும் ஆசைதான் கேஸ்கட்டை எரிப்பது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தண்ணீர் முழுவதும் வற்றிவிட்டால், முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவியும் நீரின்றித் தனித்து நிற்கும். முள் இறங்கினாலும் இறங்கும். திடீரென்று இறங்கிய முள்ளைக் கண்டு மகிழ வேண்டா. குறைந்தது அரை மணி ஆறவிட்டு, பிறகு மூடியைத் துணியால் பற்றி மெல்லத் திறந்து நீர் ஊற்றுக. கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்நீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் காணும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் தண்ணீரே; ஆனால் ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டு முறையாக நிரப்ப வேண்டும்.

கைமாறும் வண்டி

இந்நோயின் இயல்பை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குழாயடித் தண்ணீரை ஊற்றியவர் ஒருவர். ஆண்டு சில கழித்துக் குழாய் ஓட்டையாகும்போது வண்டியில் இருப்பவர் வேறொருவர். முன்னவருக்கு ஒரு புட்டிக் கூலண்டின் விலை மிச்சமாயிற்று. பின்னவருக்கு நள்ளிரவில், நோயுற்ற நண்பன் பின்னிருக்கையில் படுத்திருக்க, நடுவழியில் வண்டி நின்றது. இதில் ஏமாற்றியவர் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் காலம் வரை ஓடினால் போதும் என்று எண்ணினர், அவ்வளவே.

அந்நால்வர் வண்டியின் முன்பெட்டிக்குள் இப்போது ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. குழாய் மாற்றிய நாள், ஊற்றிய கூலண்டின் வகை, அடுத்து மாற்ற வேண்டிய ஆண்டு ஆகியவை அதில் எழுதப்பட்டுள்ளன. வண்டி விற்கும்போது சாவியோடு அக்குறிப்பேட்டையும் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கின்றனர். கார் வைத்துள்ள மற்ற நண்பர்களும் இவ்வாரமே, வண்டி ஆறியிருக்கும் ஒரு காலை வேளையில், மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் நீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் கலங்கல் போல் இருந்தால் காலம் தாழ்த்த வேண்டா. எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை என் அறைக்கு வரலாம். விளக்கு என்னிடம் இருக்கிறது.